ஆளுக்குப் பாதிப் படகு

வெங்கடாபுரம், அம்பத்தூர்
6 மார்ச் 1988

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் படகில் கோழி வளர்க்கவில்லை.

போன மாதம் தூத்துக்குடிக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்து சொன்னார்கள். நீங்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணன் படகுல மதினி கோழி வளக்காவ. முட்டை வேணும்னா அம்பத்தூருக்கு ஒரு கார்டு போடுங்க" என்று சொன்னீர்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். கோழி பக்கத்து வீட்டு வடிவு வளர்த்தது. ஒரே ஒரு நாள் படகின் மேல் ஏறியது. வடிவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் அந்தக் கோழியை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் குழம்பு வாசனை வந்தது.

படகு வீட்டின் பின்புறம் ஓலைப் பந்தலின் கீழ், கட்டைகள் முட்டுக்கொடுத்து, நேராக நிற்கிறது. இந்த மாதம் அதன் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். பழைய பெயிண்டை நானே சுரண்டுகிறேன். அறுபத்தாறு வயதில் எனக்கு வேறு அவசரம் எதுவும் இல்லை.

இரண்டாவது திருத்தம் இன்னும் பழையது. அதை நான் இரண்டு வருடமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணன் ஆவடி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தூத்துக்குடியில் உங்கள் பொறுப்பில் இருந்த ரீத்தா படகை எண்ணூருக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஜனவரியில் மகன் பெலிக்ஸும் அவரும் எண்ணூரிலிருந்து கடலுக்குள் போனார்கள். பெரிய காற்றுகூட இல்லை. பாய்மரம் அப்படியே சாய்ந்து அவர் தலையில் விழுந்தது. கரைக்குக் கொண்டுவரும்போது என் மகன் மடியில் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நீங்கள் பெலிக்ஸின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னது இது: "கம்பிய மாத்தணும் மாத்தணும்னு அண்ணன் சொல்லிட்டே இருந்தாரு. ஒங்கம்மாதான் விடல. பழைய கம்பி, அறுந்துட்டு."

பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பிகள் புதியவை. தம்புச் செட்டித் தெருவில் அவற்றை வாங்கும்போது நான் கூட இருந்தேன். இதை அன்றே சொல்லியிருக்கலாம். கணவரைப் புதைத்த வாசலில் நின்று கம்பிக்கு வழக்காட எனக்கு மனம் வரவில்லை. பெலிக்ஸ் மறுவாரம் பம்பாய்க்குப் போய்க் கப்பலில் ஏறினான். மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எழுதுகிறான் என்று கேள்விப்படுகிறேன்.

அந்த வாரமே லாரி கொண்டுவந்து பாய்மரம், பாய்கள், சுக்கான், நங்கூரம், திசைகாட்டி எல்லாவற்றையும் "பத்திரமாக வைக்கிறேன்" என்று தூத்துக்குடிக்கு ஏற்றிப்போனீர்கள். படகு உங்கள் லாரியில் ஏறவில்லை. அதனால்தான் எனக்கு மிஞ்சியது; வேறு பெரிய லாரி வைத்து எண்ணூரிலிருந்து இங்கே கொண்டுவந்தேன். இரண்டு வருடம் பத்திரமாக இருந்தது போதும். எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். ஆள் மூலம் சொல்லி அனுப்பினால் நான் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஹில்டா பாஸ்கல்


தூத்துக்குடி
17 மார்ச் 1988

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. என்னை "திரு" என்றும் "நீங்கள்" என்றும் எழுதியிருந்ததைப் பார்த்து ஞானகுமாரி வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டாள். "என்னங்க, மதினி கேஸ் போட்டிருக்காவளா?" என்றாள். நம் மதினி அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள், இங்கிலீஷ் கன்னியாஸ்திரிகள் வளர்த்த பிள்ளை, கோபம் வந்தால் கையெழுத்து இன்னும் அழகாகும், அவ்வளவுதான் என்று சமாதானம் சொன்னேன்.

கோழி விஷயம் சும்மா தமாஷுக்குச் சொன்னது. அதைப் போய் எழுத்தில் கேட்கிறீர்கள்.

மதினி, கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். அம்பத்தூரில் ஏரி இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது, கொசு இருக்கிறது. கடல் எங்கே இருக்கிறது? பாய்மரத்தை அங்கே அனுப்பினால் துணி காயப்போடுவீர்களா? ரீத்தா கடலில் இருக்க வேண்டிய படகு. கடலை அறிந்தவன் கையில் இருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடப்பவன். எங்கள் படகோட்டிகள் சங்கத்துக்கு வருகிற ஜனவரியில் வெள்ளி விழா. அண்ணன் படகு முன்னால் போகும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் பாதி, என்னிடம் பாதி என்றால் இரண்டும் விறகுதான். படகை எனக்குக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் பேருக்கு மரியாதையாக இருக்கும்.

நீங்கள் வேலையைத் தொடங்கிவிட்டதாக எழுதியதால் ஒரு யோசனை. இரண்டு வருடம் காய்ந்த மரம், பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு பிளந்திருக்கும். அதில் நன்றாக இறுக்கிப் பஞ்சை அடித்து, மேலே பிளவு அடைக்கும் கெட்டி மக்கு வைத்துப் பூசச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது.

பெலிக்ஸ் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தான். சுகமாக இருக்கிறான். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாகவும் எதுவும் சொல்வதில்லை.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்


வெங்கடாபுரம், அம்பத்தூர்
20 ஜூன் 1988

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

உங்கள் யோசனைக்கு முதலில் பதில் எழுதுகிறேன். காய்ந்த பலகைகளின் இடைவெளியில் பஞ்சை இறுக்கி அடித்துக் கெட்டி மக்கு பூசினால், படகு தண்ணீரில் இறங்கி மரம் ஊறி விரியும்போது விரிய இடம் இருக்காது. பலகை ஒன்றையொன்று நெருக்கும், ஆணி பிய்த்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் வளைகட்டைகள் முறியும். பார்க்கப் புதுப் படகாக இறங்கி, ஒரு வாரத்தில் விறகாக எழுந்து வரும். இது உங்களுக்குத் தெரியாது என்றால், பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடந்தது வீண். தெரியும் என்றால், அதைப் பற்றி நான் எழுத வேண்டியது இல்லை. இருபது வருடம் அவர் படகைப் பற்றிப் பேசும்போது நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

காசிமேட்டிலிருந்து கோதண்டம் என்ற ஆசாரி வருகிறார். முதல் நாள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர், பந்தலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, கடலு எங்கியோ கீது, நீ கப்பல ஊட்டாண்ட கட்டிகினு கீற?"

"அதைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான் உங்களை அழைத்தேன்."

"யாரு ஓட்டப் போறா?"

"நான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரிதான். மொதல்ல ஏணி ஏறத் தெரியுமா பாக்கலாம்" என்றார். ஏறிக் காட்டினேன். இறங்குவதற்குத்தான் வடிவு வர வேண்டியிருந்தது.

பாக்கு, பீடி இரண்டையும் தெருவில் முடித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேலையில் குறை சொல்ல முடியாது. பஞ்சைத் தளர்வாகத்தான் வைத்திருக்கிறார், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மெல்லியதாகப் பூசியிருக்கிறார். நான் தினமும் காலையில் கோணிச் சாக்குகளைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பலகைகளின் மேல் போர்த்துகிறேன். மரம் மெதுவாக ஊறிக்கொண்டு வருகிறது. இந்தத் தெருவுக்கு இப்போது பெயர் மாறிவிட்டது. பஸ் கண்டக்டர் "கப்பலூடு! கப்பலூடு எறங்கு!" என்று கூவுகிறான். வடிவுக்கு இதில் பெருமை. எனக்கு இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் தபால்காரருக்குக் கதவு எண் தேவைப்படுவதில்லை.

ஒரு விவரம் வேண்டும். பாய்மரத்தின் கம்பிகள் வந்து மாட்டும் வெண்கலப் பட்டைகள் படகின் இரண்டு பக்கமும் இருந்தன அல்லவா, பக்கத்துக்கு இரண்டாக. எண்ணூருக்குக் கொண்டுவருவதற்கு முன் தூத்துக்குடியில் அவற்றைக் கழற்றிப் புதிதாக மாட்டியதாக எனக்கு நினைவு. "யாரு மாட்னது இத?" என்று கோதண்டம் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மாட்டியது யார், எந்த போல்ட்டுகளை வைத்து மாட்டினார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

ஹில்டா பாஸ்கல்


தூத்துக்குடி
4 ஜூலை 1988

அன்புள்ள மதினிக்கு,

யார் மாட்டியது என்று அந்த ஆசாரி கேட்டானா? நான் மாட்டினேன் என்று சொல்லுங்கள்! வேறு ஒருவனையும் தொடவிடவில்லை. மூன்று நாள் வெயிலில் குனிந்து, என் கையால் துளை போட்டு, என் கையால் இறுக்கியது. போல்ட்டு எல்லாம் முதல்தரமான வெண்கலம். அண்ணன் அம்பத்தூரில் கடைசல் பட்டறையில் தானே கடைந்து கொண்டுவந்தது. என் படகிலும் அதே போல்ட்டைத்தான் போட்டிருக்கிறேன். போன நவம்பரில் அடித்த காற்றில் எங்கள் சங்கத்தில் இரண்டு பேருக்குப் பாய்மரம் போயிற்று. என்னுடையது அசையவே இல்லை. சங்கத்தில் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள்.

அதனால் அந்தக் காசிமேட்டு ஆள் பட்டைகளில் கை வைக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். மேலே ஒரு பூச்சு பெயிண்ட் அடித்தால் போதும்.

நீங்கள் செய்திருக்கும் வேலையைப் படித்து எனக்கு ஆச்சரியம்தான், உள்ளதைச் சொல்கிறேன். மக்கு விஷயத்தில் நான் அவசரத்தில் எழுதிவிட்டேன், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒன்று செய்யலாம். படகை மறுபடி லாரியில் ஏற்றித் தூத்துக்குடி வரை இழுப்பது நடக்கிற காரியம் இல்லை. எண்ணூரில் இறக்கிப் பாய்மரம் நிறுத்தினால், டிசம்பரில் வடக்கிலிருந்து காற்று வரும், நானும் இரண்டு பேரும் வந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். படகு எனக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். சாமான் எல்லாவற்றையும் அனுப்பிவைக்கிறேன்.

பெலிக்ஸையும் வெள்ளி விழாவுக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறேன். அப்பா படகில் ஏறினால் அவன் மனமும் ஆறும்.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்


வெங்கடாபுரம், அம்பத்தூர்
19 ஜூலை 1988

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

கேட்டதற்குத் தெளிவாகப் பதில் எழுதியதற்கு நன்றி.

பாய்மரம் இல்லாத படகைப் பற்றி நான் யாருக்கும் எந்த வரியும் எழுதிக்கொடுக்க முடியாது. சாமான்கள் முழுவதும், கடைசிக் கயிறு உட்பட, இங்கே வர வேண்டும். பாய்மரம் நின்ற பிறகு படகு யாருக்கு என்பதை என் கைப்பட எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். இந்த வாக்கில் நான் மாற மாட்டேன்.

பாய்களை மடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்போடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். திசைகாட்டியை வைக்கோலில் சுற்ற வேண்டாம், கம்பளியில் சுற்றுங்கள்.

எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

ஹில்டா பாஸ்கல்


தூத்துக்குடி
2 அக்டோபர் 1988

அன்புள்ள மதினிக்கு,

நேற்று லாரி புறப்பட்டது. பாய்மரத்துக்கு அடியில் வைக்கோல் மெத்தை, மேலே தார்பாலின். திசைகாட்டி கம்பளியில்தான் இருக்கிறது, ஞானகுமாரியின் கல்யாணக் கம்பளி, அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். பாய்களை அலசிக் காயவைத்து நானே மடித்தேன். ஒரு சிறு சாமான்கூட என்னிடம் நிறுத்திக்கொள்ளவில்லை. இனி என்னிடம் பாதி இல்லை மதினி, முழுவதும் உங்களிடம்தான். நம்பி அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்தில் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். "பாஸ்கல் நினைவுப் படகு ரீத்தா, தலைமை கிறிஸ்துராஜ்" என்று கொட்டை எழுத்தில். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களையும் மேடையில் உட்காரவைப்பதாகப் பேச்சு. பெலிக்ஸ் டிசம்பர் கடைசியில் லீவில் வருகிறான், நேரே இங்கேதான் வருகிறான்.

அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள். சட்டப்படி என்று இல்லை, சும்மா கையில் இருக்கட்டும் என்றுதான்.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்


வெங்கடாபுரம், அம்பத்தூர்
5 டிசம்பர் 1988

கிறிஸ்துராஜ்,

படகு உனக்கு இல்லை. நீ கேட்ட ஒரு வரி இதுதான். முதலிலேயே எழுதிவிட்டேன், மீதியை நிதானமாகப் படி.

ரீத்தா பத்து நாளாக எண்ணூரில் தண்ணீரில் இருக்கிறது. லாரி வெளியேறுவதற்குக் கேட்டையும், படகு வந்த பிறகு எழுப்பிய மதில் சுவரில் ஒரு பகுதியையும் இடித்தோம். தெருவே கூடி நின்றது. "போய்ட்டு வா கண்ணு" என்று வடிவு படகைத் தொட்டு முத்தமிட்டாள். இறக்கிய முதல் நாள் பலகை வழியாகத் தண்ணீர் வந்தது. கோதண்டம் பக்கெட்டோடு உள்ளே உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மரம் ஊறி இறுகிவிட்டது. இப்போது அடியில் ஒரு கை தண்ணீர்கூட இல்லை. பாய்மரம் நிற்கிறது. நீ நன்றாகக் கட்டி அனுப்பியிருந்தாய். ஒரு கீறல் இல்லை.

இனி போல்ட்டைப் பற்றி.

ஜூன் மாதம் உன்னிடம் அந்த விவரத்தைக் கேட்டு எழுதியபோது, அவை ஏற்கெனவே என் மேசைமேல் இருந்தன. கோதண்டம் பட்டைகளைக் கழற்றியிருந்தார். போல்ட்டுத் தலைகள் வெண்கல நிறமாக இருந்தன. கத்தியால் சுரண்டினேன். பூச்சு உதிர்ந்தது, கீழே இரும்பு. வெண்கலப் பட்டையோடு சேர்ந்து உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பு நடுவில் அரித்துப் பென்சில் முனைபோல் ஆகியிருந்தது. ஒன்றைக் கோதண்டம் இரண்டு விரலால் ஒடித்தார்.

"துருவுக்கு மேக்கப்பு போட்டு வுட்டுகீறானுங்கமா. எவன் செஞ்சானோ அவன இதே கம்பில கட்டித் தொங்க வுடணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். விசாரித்தேன். வேறு ஒருவனையும் தொடவிடவில்லை என்று நீ உன் கையால் எழுதிவிட்டாய்.

உன் அண்ணன் எட்டு போல்ட்டுகள் கடைந்தார். ஒரு படகுக்கு எட்டு. புளி போட்டுத் தேய்த்து, துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஊருக்குப் போகும் பையில் வைத்தவள் நான். அதே போல்ட்டுகள் உன் படகில் இருக்கின்றன, போன நவம்பர்க் காற்றைத் தாங்கின என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். என் படகில் இருந்தவை இரும்பு. எட்டு போல்ட்டு இரண்டு படகுக்கும் எப்படி வந்தது என்று நீ எனக்கு விளக்க வேண்டாம்.

உன்னைக் கொலைகாரன் என்று நான் எழுதவில்லை. அண்ணன் வருடத்தில் பத்து நாள் ஓட்டுகிறவர்தானே, இரும்பு தாங்கும் என்று நினைத்திருப்பாய். அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும். ஆனால் விபத்துக்கு மறுநாள் நீ எண்ணூருக்குத் தனியாகப் போய், பட்டை ஒன்று இரண்டு போல்ட்டுகளோடு பிய்ந்து வந்த இடத்தில் மரத்துண்டு வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்தாயே, அப்போது என்ன நினைத்தாய்? பெயிண்டைச் சுரண்டும்போது அந்தத் துண்டு என் கையோடு வந்தது. நாங்கள் இங்கே சவப்பெட்டிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். நீ அங்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் வந்து, கம்பி அறுந்தது, உன் அம்மா விடவில்லை என்று என் பிள்ளையிடம் சொன்னாய். அது அறியாமல் செய்தது இல்லை.

இரண்டு வருடம் அவன் என்னை அவன் அப்பாவைக் கொன்றவளாக நினைத்துக்கொண்டு கடலில் திரிகிறான். சாமான்களை நீ பத்திரமாக வைத்திருந்ததாகச் சொன்னாய். என்னிடமிருந்து எடுத்துப்போனதில் அவனைத்தான் மிகவும் பத்திரமாக வைத்திருந்தாய்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

உன் படகிலிருந்து அந்த எட்டு போல்ட்டுகளையும் கழற்றி எனக்கு அனுப்பு. கழற்றுவதற்கு முன் பாய்மரத்தை இறக்கிவிடு. அவசரத்தில் அது நிற்கும்போதே கையை வைக்காதே. இரும்பு போல்ட்டைத் திரும்பவும் போடாதே. ஞானகுமாரி எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவளுடைய கம்பளியைத் துவைத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பிறகு பெலிக்ஸுக்கு எழுது. கம்பி புதியது, அறுந்தது போல்ட்டு, அதை மாற்றி வைத்தது நீ. அவ்வளவு போதும். மன்னிப்பு, கண்ணீர், மாதா சத்தியம் எதுவும் வேண்டாம். ஒரு போல்ட்டையும் உன் ஜூலைக் கடிதத்தையும் நானே அவனுக்கு அனுப்பியிருக்கலாம். கோதண்டமும் அதைத்தான் சொன்னார். அனுப்பினால் அவன் படிப்பான், நம்புவான், நான் வழக்கில் ஜெயித்தவளாக ஆவேன். எனக்கு அது வேண்டாம். எந்த வாய் அவனிடம் அதைச் சொல்லிற்றோ அந்த வாயே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவன் அம்பத்தூருக்கு வருவதும் வராததும் அவன் விருப்பம். வந்தால் படகு அவனுக்கு. வராவிட்டால் நானும் கோதண்டமும் ஓட்டுவோம். ஏணி இறங்கவும் இப்போது எனக்குத் தெரியும்.

நீ எழுதாவிட்டால், உன் வெள்ளி விழா மேடையில் எனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதில் வந்து உட்காருவேன். கோதண்டம் ஒடித்தது போக மீதியிருக்கும் ஐந்து இரும்பு போல்ட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, உன் கடிதத்தை ஒலிபெருக்கியில் வாசிப்பேன். என் உச்சரிப்பில் யாரும் இதுவரை குறை கண்டதில்லை. "வெள்ளி விழா" என்று கொட்டை எழுத்தில் அடித்த நோட்டீஸை எடுத்து வைத்திருக்கிறேன், தேதி தவற மாட்டேன்.

பெலிக்ஸுக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கிறிஸ்துமஸுக்கு முன் எனக்கு அனுப்பு. உன் கையெழுத்தோடு, எழுத்தில் பதில் வேண்டும்.

ஹில்டா பாஸ்கல்